குழந்தையை எந்த வயசுல சேர்க்கிறது? பெற்றோர் தலையை சுற்ற வைக்கும் 2 கணக்கு!

ஒரே தெரு. பக்கத்து பக்கத்து வீடு. 2 வீட்டிலும் 2020-ம் ஆண்டு மே மாதம் பிறந்த குழந்தை. ஒன்று மாநில பாடத்திட்ட பள்ளிக்கு போகிறது. இன்னொன்றை கேந்திரிய வித்யாலயாவில் சேர்க்க ஆசை. 1-ம் வகுப்பில் சேருவதில் எவ்வளவு வித்தியாசம் வரும்? முழுசா 2 வருஷம்!

நம்ப முடியவில்லையா? கணக்கு இதோ...

தமிழ்நாட்டில் ஜூலை 31-ந்தேதிக்குள் 3 வயது முடிந்தால் எல்.கே.ஜி., 5 முடிந்தால் 1-ம் வகுப்பு. முதல் குழந்தை 2025-ல் சேர்ந்து விடும். கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-ந்தேதி 6 வயது முடிந்திருக்க வேண்டும். 2026-ல் சில வாரம் குறையும். ஆக 2027-ல்தான் இடம். அதற்குள் பக்கத்து வீட்டு வாண்டு 2-ம் வகுப்பையே முடித்திருக்கும். மே, ஜூன், ஜூலையில் பிறந்த எல்லோருக்கும் இதே கதிதான்.

6 வயது எப்படி வந்தது?

2020-ல் வந்த தேசிய கல்விக்கொள்கைதான் காரணம். 3 வருஷம் மழலையர் கல்வி, 6 வயதில் 1-ம் வகுப்பு என்றது. 2022-ல் கேந்திரிய வித்யாலயா 5-ஐ 6 ஆக்கியது. பெற்றோர் கோர்ட்டுக்கு போனார்கள். சுப்ரீம் கோர்ட்டு வரை போயும் பலிக்கவில்லை. ஆனால் தமிழக அரசு அசையவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநில கல்விக்கொள்கையிலும் 5 வயதுதான்.

கர்நாடகம் பட்ட பாடு

6 வயது கட்டாயம் என்று 2022-ல் உத்தரவு போட்டது கர்நாடகம். ஆனால் சின்ன வயதிலேயே எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளைகள் யு.கே.ஜி. முடித்து வந்து நின்றார்கள். மறுபடியும் யு.கே.ஜி.யா என்று பெற்றோர் கொதிக்க, 2025-26-க்கு மட்டும் 5 வயது 5 மாதம் என்று தளர்த்த வேண்டியதாயிற்று.

பாடம் என்ன? வயதை மாற்றுவதென்றால் எல்.கே.ஜி. வாசலில் இருந்து மாற்ற வேண்டும். உள்ளே வந்துவிட்ட குழந்தையை பாதியில் தடுத்தால் வம்புதான்.

அந்த ஒரு வருஷம் எங்கே?

பிஞ்சுக் கைக்கு பென்சில் எதற்கு, ஒரு வருஷம் விளையாடட்டுமே என்பது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வருஷம் குழந்தை எங்கே இருக்கும்? வசதி உள்ளவருக்கு இன்னொரு வருஷ பீஸ். அன்றாடங்காய்ச்சிக்கு? அம்மா வேலைக்கு போகணும், பிள்ளையை பார்க்க ஆள் வேணும். அங்கன்வாடிதான் கதி.

2019-ல் தமிழகத்தில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. நல்ல ஆரம்பம். எல்லா ஏரியாவிலும் இலவச மழலையர் வகுப்பு இருந்தால் 5-ஓ, 6-ஓ, ஏழைப் பிள்ளைக்கு நஷ்டமில்லை. அதை செய்யாமல் வயதை மட்டும் ஏற்றினால், அந்த ஒரு வருஷத்துக்கான பில் போவது பெற்றோர் வீட்டுக்குத்தான்!