காயலான் கடையும் எஃகின் கணக்கும்

பிடிக்காத தொகுப்பொன்றைக் 'காயலான் கடைச் சரக்கு' என்று எழுதித் தள்ளுவது நம் விமர்சகர்களுக்கு எளிது. அந்த வசவுக்குள் ஓர் அறியாமை ஒளிந்திருக்கிறது. பயனற்றவை வந்து குவியும் இடம் காயலான் கடை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பயனுள்ளதையும் பயனற்றதையும் பிரித்தறிவதுதான் அங்கே நடக்கும் தொழில். விமர்சகன் செய்யவேண்டியதும் அதுவே என்பது ஒருபுறமிருக்க, இதே அறியாமை அரசின் கொள்கைமொழியிலும் குடியேறியிருப்பதைப் பற்றித்தான் நாம் பேசவேண்டியிருக்கிறது.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு பழைய வாகனங்களைக் கழிப்பதற்கான கொள்கையைத் தொடங்கிவைத்தது. அதையொட்டி வந்த விதிகளின்படி, கழித்த வண்டியைப் பதிவுபெற்ற மையத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புதிய வண்டி வாங்கினால் சாலை வரியில், சொந்த வாகனத்துக்கு 25 விழுக்காடு வரை சலுகை உண்டு. மையம் நடத்த விரும்புவோர் கட்டணமாக 1 லட்சமும் வங்கி உத்தரவாதமாக 10 லட்சமும் வைக்கவேண்டும். நிலமும் எந்திரங்களும் தனி. முறைசாராப் பிரிப்பை அகற்றித் திறன்மிக்க முறையைக் கொணர்வதே நோக்கம் என்கிறார்கள். நோக்கத்தோடு நமக்குப் பிணக்கில்லை. திறனை எந்தத் தராசில் நிறுக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

விடை, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் இருக்கிறது. வாகன உற்பத்தியாளர்கள், பதினைந்து அல்லது இருபது ஆண்டுகளுக்கு முன் தாம் சந்தைக்கு விட்ட வண்டிகளில் இருந்த எஃகில் குறைந்தது 8 விழுக்காட்டுக்கு இப்போது பொறுப்பேற்கவேண்டும். 2035-36 முதல் அது 18 ஆகும். உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கியது நல்ல தொடக்கம். ஆனால் தராசில் ஏறுவது எஃகு மட்டுமே. எடையை இலக்காக வைக்கும் சட்டத்தின் கண்ணுக்கு, இன்னும் ஓடக்கூடிய கியர்பாக்ஸும் நெளிந்த மட்கார்டும் ஒன்றே.

சென்னையில் கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டையில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே விளக்கு, கதவு, கண்ணாடி, இருக்கை, வயரிங், எஞ்சின், கியர்பாக்ஸ் என ஒவ்வொன்றும் தனியே கழற்றப்பட்டு இன்னொரு வண்டிக்குப் போகக் காத்திருக்கும். எஞ்சிய கூடுதான் கடைசியில் கேஸ் கட்டருக்கும் எடைக்கும் போகிறது. ஒரு பாகத்தை உருக்கி மீண்டும் வார்ப்பதைவிட அதை அப்படியே மாட்டுவது மலிவு, எரிபொருளும் மிச்சம். இன்னொன்றும் உண்டு. வயரிங்கோடு சேர்த்து நசுக்கப்படும் வண்டியின் செம்பு உருகிய எஃகில் கலந்துவிடும். கலந்த செம்பைப் பிறகு பிரித்தெடுப்பது ஏறத்தாழ இயலாது. சூடாக உருட்டும்போது அந்த எஃகு வெடிப்பு விடும். வயரைக் கையால் உருவி எடுக்கும் தொழிலாளி நல்ல எஃகுக்கும் வழி செய்கிறார். இதைத் திறனின்மை என்று எந்த அகராதி சொல்கிறது?

துருவைக் கண்டதும் படிமம் என்று உருகும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். நாம் காயலான் கடையைப் புனிதப்படுத்தவில்லை. அங்கே எண்ணெய் மண்ணில் வடிகிறது. பாட்டரி அமிலம் கையைப் பொசுக்குகிறது. ஏசியிலிருந்து காற்றில் விடப்படும் வாயு, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கவல்லது. வெடிக்காத ஏர்பேக் ஒரு வெடிபொருள்தான். இவற்றின் விலையைத் தொழிலாளியின் உடலும் கூவமும் செலுத்துகின்றன. ஆகவே மாற்றம் வேண்டும். மாற்றம் என்பது விரட்டுவதா, கற்றுக்கொடுப்பதா என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

திருட்டு வண்டிகள் வந்துசேருமிடம் இது என்பார்கள். வந்துசேர்ந்ததுண்டு. மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தையை 2021 டிசம்பரில் காவல்துறை அந்தக் காரணத்தால்தான் இழுத்து மூடியது. திருட்டைத் தடுப்பது சேசிஸ் எண்ணைப் பதிவுசெய்யும் ஒழுங்கு. அந்த ஒழுங்கைச் சிறு கடைக்கும் கொடுக்கலாம். கடையை மூடினால் திருடன் வேறு சந்தை தேடுவான். தொழில் தெரிந்தவன்தான் தெருவில் நிற்பான்.

ஜப்பானில் 2005 முதல் நடப்பிலுள்ள சட்டம், ஏசி வாயு, ஏர்பேக், நொறுக்கியபின் எஞ்சும் குப்பை ஆகியவற்றை அகற்றும் செலவைப் புது வண்டி வாங்குபவரிடமே முன்கூட்டி வசூலிக்கிறது. வண்டியின் சாவுக்கான செலவை அதை ஓட்டி மகிழ்ந்தவர் ஏற்பது நியாயம். இங்கும் அப்படியொரு நிதி இருந்தால், எண்ணெய் வடிக்கவும் வாயுவை உறிஞ்சவும் பொதுவான ஒரு கூடத்தை அமைத்துப் புதுப்பேட்டைக் கடைகள் அனைத்துக்கும் திறந்துவிடலாம். மையம் நடத்தச் சங்கங்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதிகளே சொல்கின்றன. பல கடைக்காரர்கள் ஒன்றுகூடிப் பதிவுபெற அரசு துணைநின்று, உத்தரவாதத் தொகையின் சுமையையும் குறைக்கவேண்டும். மறுபடி பயனுக்குப் போகும் பாகம், உருக்கப்படும் எஃகைவிடக் கூடுதல் மதிப்புப் பெறவேண்டும்.

இவற்றில் எதையும் செய்யாமல் கட்டப்படும் பளபளப்பான மையங்கள் எஃகை மீட்கும். பல்லாண்டுக் கைப்பழக்கத்தில் சேர்ந்த அறிவை அவை நசுக்கிப்போடும். அந்த அறிவை மறுசுழற்சி செய்யும் எந்திரம் எந்த நாட்டிலும் இல்லை.