நேர்மின்வாயும் புவியிணைப்பும்: இரு கலைச்சொற்கள் குறித்த ஒரு கருத்து

மின்வேதியியலில் ‘அனோடு’ என்னும் சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு நேர்மின்வாய், நேர்மின்முனை என்றும், ‘கதோடு’ என்பதை எதிர்மின்வாய், எதிர்மின்முனை என்றும் குறிக்கிறது. மின்னாற்பகுப்புக் கலத்திற்கு இவை பொருந்தும். கால்வானிக் கலத்திற்குப் பொருந்தா. டேனியல் கலத்தில் ஆக்சிஜனேற்றம் அடையும் துத்தநாகமே அனோடு. ஆயினும் அதன் குறி எதிர். ‘நேர்மின்வாய் எதிர்க்குறி உடையது’ என்று எழுத நேரும்போது பிழை மாணவரிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது.

இச்சொற்களை 1834இல் வழக்கிற்குக் கொண்டுவந்த மைக்கேல் ஃபாரடே, அறிஞர் வில்லியம் ஹியூவெல்லின் துணையோடு கிரேக்கத்திலிருந்து ‘மேலேறும் வழி’, ‘கீழிறங்கும் வழி’ என்னும் பொருளுடைய சொற்களைத் தெரிந்தார். மின்னோட்டம் பற்றிய கொள்கை பின்னர் மாறினும் பெயர் நிலைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் கவனத்தோடு விலக்கிய குறியை நாம் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அனோட்டு, கதோட்டு என ஒலிபெயர்த்தே வழங்குகின்றன. தனித்தமிழ் ஆர்வலர்க்கு இது உவப்பளிக்காது. ஆனால் பிழைக்கு இடந்தரவில்லை.

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என ஒதுக்க இயலாது. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்தது அரியலூர். 2007இல் அது பிரிந்து வந்த பெரம்பலூரும் அதே நிலப்பகுதியின் தொடர்ச்சியே. சிமெண்டால் எழும் கான்கிரீட்டிற்குள் இருக்கும் இரும்புக்கம்பி துருப்பிடிக்கிறதா என்பதை அரைமின்கல அழுத்த அளவீட்டால் மதிப்பிடுவர். ஏ.எஸ்.டி.எம். சி 876 முறைப்படி கம்பியை மீட்டரின் நேர்முனையிலும், செம்பு–செம்பு சல்பேட்டு ஒப்பீட்டு மின்வாயை எதிர்முனையிலும் இணைக்க வேண்டும். அளவு −350 மில்லிவோல்ட்டைவிட எதிர்த்திசையில் மிகுந்தால் அரிமானம் நிகழ்வதற்கான வாய்ப்பு 90 விழுக்காட்டிற்கும் மேல். −200ஐவிட நேர்த்திசையில் இருந்தால் அரிமானம் இல்லாதிருப்பதற்கான வாய்ப்பு அதே அளவு. துருப்பிடிக்கும் இடம் அனோடு, அதாவது நம் வழக்கில் ‘நேர்மின்வாய்’. அதனை நேர்முனையில் பொருத்தியும் எதிர்க்குறி தோன்றுவதைக் காணும் மாணவர், முனைகள் மாறிவிட்டன எனக் கருதித் திருப்பி இணைப்பது இயல்பே. அப்போது −400 என்பது +400 ஆகும்; அரிக்கப்படும் கம்பி பழுதற்றதாகப் பதிவாகும். 1953 முதல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்கிவரும் தமிழகத்தில் இவ்வழக்கு இன்னும் திருத்தப்படாதது வியப்பே.

‘எர்த்’ என்பதன் நிலை இன்னும் இடர் மிக்கது. புவியிணைப்பு, புவித்தொடுப்பு, தரையிணைப்பு எனப் பல பெயர்கள் உள்ளன. ஆனால் வேறுபட்ட மூன்று பொருள்களை அவை பிரித்துக் காட்டவில்லை. ஒன்று, மின்செருகியின் மூன்றாம் முள்ளிலிருந்து மண்ணுக்குச் செல்லும் கம்பி. கருவியின் உலோகக் கூட்டில் மின்கசிவு ஏற்பட்டால் உயிர் காப்பது இதுவே. மற்றொன்று, கருவிச்சுற்றின் பொது முனை. மூன்றாவது, பொட்டென்சியோஸ்டாட்டில் மின்பெருக்கியால் சுழிய அழுத்தத்தில் நிறுத்தப்படும் செயல்மின்வாய். இதற்கு மண்ணோடு நேரடித் தொடர்பு தேவையில்லை. கண்ணாடிக் கலத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. கட்டடத்தின் அடித்தளக் கம்பியே செயல்மின்வாயானால், அது ஏற்கெனவே மண்ணோடு இணைந்திருக்கும். கருவியின் அளவீட்டுச் சுற்றும் புவியோடு இணைந்திருந்தால் மின்னோட்டம் மண்வழியே திரும்பி அளவு பொய்க்கும். அளவீட்டுச் சுற்று புவியிலிருந்து பிரிக்கப்பட்ட கருவியே இதற்குத் தீர்வு. ‘எர்த்தை நீக்கு’ என்னும் ஒற்றைச் சொல்லாட்சியை நம்பி மூன்றாம் முள்ளை ஒடிப்பது உயிருக்கே ஊறு.

ஆகவே நேர், எதிர் என்பவற்றைக் கருவியின் முனைகளுக்கு மட்டும் உரியனவாக்கி, மின்வாய்களை ஆக்சிஜனேற்ற மின்வாய், ஒடுக்க மின்வாய் என வினையால் பெயரிடலாம். சற்று நீளமான சொற்கள்தாம். புவியிணைப்பு என்பதை மண்ணுக்குச் செல்லும் காப்புக் கம்பிக்கே வரையறுத்து, ஏனைய இரண்டையும் பொதுமுனை, சுழிய அழுத்தமுனை எனப் பிரிக்கலாம். கலைச்சொல் அகராதிகளின் அடுத்த பதிப்புகளைத் தொகுக்கும் தமிழ்த்துறையினர், இப்பதிவுகளை இறுதி செய்யுமுன் ஓர் அளவீட்டு மேசையருகே நின்று மாணவர்க்கு உரக்கப் படித்துக்காட்டி, அவர்கள் எந்தக் கம்பியை எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.