கிழக்கே பார்ப்பவர்களும் தொழிலாளர்களே

மாலை ஆறு மணிக்கு டல்ஹவுசி வட்டாரத்து அலுவலகங்கள் விடுகின்றன. குமாஸ்தாக்கள் ஹவுராவுக்கும் சியால்தாவுக்கும் லேக் மார்க்கெட்டுக்கும் போக பஸ்ஸையும் மெட்ரோவையும் நோக்கி ஓடுகிறார்கள். அதே நேரத்தில் பார்க் ஸ்ட்ரீட்டில் இன்னொரு வேலைநாள் தொடங்குகிறது. டிரம்ஸ் வாசிப்பவர் தோல்களை இறுக்கிப் பார்க்கிறார். பாடகி மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். பரிமாறுகிறவர் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்து அடுக்குகிறார். இவர்களுடைய வேலை முடியும்போது கடைசி மெட்ரோ போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. பொழுது விடிந்தால் ஒருவனுக்கு ஓய்வு, பொழுது சாய்ந்தால் மற்றவனுக்கு ஓய்வு. இருவரையும் ஒரே வரியில் சமமாக நிறுத்தினார்கள் முன்னோர். ஆனால் நடைமுறையில் கூலிக்காரனுக்கு அனுதாபமும் கூத்தாடிக்கு ஏளனமுமே கிடைக்கின்றன. கூத்தாடுவது பெண்ணாக இருந்துவிட்டால் ஏளனத்தோடு பழியும் சேர்ந்துகொள்கிறது.

இந்தப் பேச்சு இப்போது மீண்டும் எழக் காரணம் உண்டு. மது பரிமாறும் கூடங்களில் பெண்கள் வேலை பார்க்க 1909ஆம் ஆண்டின் வங்காள கலால் சட்டம் தடை விதித்திருந்தது. அந்தத் தடையை நீக்கும் திருத்தத்தை மேற்கு வங்க சட்டமன்றம் 2025 மார்ச்சில் நிறைவேற்றியது. "குடிக்கிற இடத்தில் பெண்களுக்கு என்ன வேலை?" என்று டீக்கடை பெஞ்சுகளில் கேட்கிறவர்கள் உண்டு. கேட்கிறவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுமுன் அங்கே ஆடப்படும் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. பார்க் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில், இன்றைய மிர்சா காலிப் தெருவில், 1956இல் மொக்காம்போ தொடங்கப்பட்டது. பாம் கிரெய்ன் போன்ற புகழ்பெற்ற பாடகிகள் அங்கே பாடினார்கள். அமெரிக்காவில் ஹாலிவுட் பகுதியில் 1941 முதல் இதே பெயரில் லத்தீன் அமெரிக்கப் பாணியில் ஒரு நடன விடுதி இருந்தது. மொக்காம்போ என்ற சொல்லுக்குப் பிரேசில் நாட்டில் ஒரு பழைய பொருள் உண்டு. தோட்ட முதலாளிகளிடமிருந்து தப்பியோடிய கறுப்பு அடிமைகள் காட்டுக்குள் அமைத்துக்கொண்ட குடியிருப்புக்கு அந்தப் பெயர். ஓடிப் பிழைத்தவர்களின் குடிசைப் பெயர் பணக்காரர்களின் கேளிக்கைக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆட்டங்களின் கதையும் இதுவே. ரும்பா, கியூபாவில் ஹவானா, மதான்சாஸ் துறைமுகங்களின் மூட்டை தூக்கிகளும் ஏழைக் கறுப்பு மக்களும் வளர்த்த ஆட்டம். டாங்கோ, அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் துறைமுகச் சேரிகளில் பிழைக்க வந்தவர்களிடையே பிறந்தது. இரண்டையும் அக்காலத்துக் கனவான்கள் இழிவாகவே பார்த்தார்கள். யுனெஸ்கோ டாங்கோவை 2009இலும் கியூபாவின் ரும்பாவை 2016இலும் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களாக அறிவித்தது. கிதர்ப்பூர் துறைமுகத்திலும் கங்கைக்கரைச் சணல் ஆலைகளிலும் வியர்வை சிந்திய குடும்பங்களின் பிள்ளைகள் இந்த ஆட்டத்தைத் தங்களுக்கு அந்நியமானது என்று சொல்ல முடியாது. வெளியூரில் பிழைக்கப் போனவனின் களைப்பிலிருந்து வந்த ஆட்டம் அது.

தமிழர்கள் பெருமையாக நினைக்கக்கூடிய ஒரு பெயரும் பார்க் ஸ்ட்ரீட்டில் உண்டு. பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப் 1969இல் சென்னை மவுண்ட் ரோடில் நைன் ஜெம்ஸ் விடுதியில் பாடத் தொடங்கினார். அதே ஆண்டு கல்கத்தாவின் ட்ரிங்காஸ் மேடைக்கு வந்தார். அன்று இரவு விடுதிப் பாடகி என்றாலே மேல்நாட்டுக் கவுன்தான். அவரோ பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக வந்து நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடினார். பிறகு 1980களில் அவருடைய பாட்டைச் சீரழிவுக் கலாசாரம் என்று மாநில அமைச்சர் ஒருவரே எதிர்த்தபோது அவர் நீதிமன்றம் சென்று வென்றார். 2011இல் பத்மஸ்ரீயும் 2024இல் பத்மபூஷணும் அவரைத் தேடி வந்தன. சீரழிவு எது, கலை எது என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களைக் காலம் இப்படித்தான் திருத்துகிறது.

எல்லோருக்கும் இந்த முடிவு வாய்ப்பதில்லை. மிஸ் ஷெஃபாலி என்ற பெயரில் ஆடிய ஆரதி தாஸ், கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பெண். சிறுமியாக வீட்டு வேலை செய்து, பிறகு சௌரங்கியின் ஃபிர்போஸ் ஓட்டலில் காபரே ஆடினார். சத்யஜித் ராயின் 'பிரதித்வந்தி', 'சீமாபத்த' படங்களிலும் தோன்றினார். நகரத்துப் பெரிய மனிதர்கள் மாலையில் அவர் ஆட்டத்துக்குக் கை தட்டினார்கள்; காலையில் அவர் பெயரைச் சொல்லவே கூசினார்கள். 2020 பிப்ரவரியில் அவர் காலமானார். வாழ்நாள் முழுவதும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய அந்தப் பெண்ணுக்குப் பென்ஷன் இல்லை, பிராவிடண்ட் ஃபண்ட் இல்லை. பழிப்பெயர் மட்டுமே மிஞ்சியது. இதில் வெட்கப்பட வேண்டியவர் ஆடியவரா, பார்த்தவர்களா?

சட்டமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறது. மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று டில்லியில் நடைமுறையில் இருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2007இல் செல்லாததாக்கியது. பெண்ணுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. அந்தக் கடமையைச் செய்ய முடியவில்லை என்பதற்காக அவள் வேலையைப் பறிக்கலாகாது என்பதே அதன் சாரம். மகாராஷ்டிரத்தில் 2005இல் நடன விடுதிகளைத் தடை செய்தபோது நட்சத்திர ஓட்டல்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். பணக்காரன் பார்த்தால் கலை, ஏழை பார்த்தால் ஆபாசமா? அந்தப் பாகுபாட்டையும் உச்ச நீதிமன்றம் 2013இல் ஏற்க மறுத்துவிட்டது.

குடியினால் குடும்பங்கள் கெடவில்லையா என்று கேட்கலாம். கெடுகின்றன. சம்பளத் தேதியன்று வீட்டில் அழுகை கேட்கும் தெருக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் லைசென்ஸ் கொடுப்பது அரசு, லாபம் எடுப்பது முதலாளி, குடிப்பது ஆண்பிள்ளை. குவளையை எடுத்து வைக்கும் பெண்ணின் தலையில் மட்டும் பாவத்தைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்? வேலை என்று ஏமாற்றிப் பெண்களை விற்கும் கூட்டம் இருக்கிறது என்பதும் உண்மை. அந்தக் கூட்டத்தைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. அதைப் பிடிப்பது போலீசின் வேலை. அதற்காக நேர்மையாகப் பிழைக்கிறவளின் கதவைச் சாத்துவது வீட்டில் எலி இருக்கிறது என்று வீட்டைக் கொளுத்துவது போன்றது.

பழி எத்தனை கொடியது என்பதை இந்த நகரம் 2012 பிப்ரவரியில் பார்த்தது. பார்க் ஸ்ட்ரீட்டில் இரவு விடுதியிலிருந்து வெளியே வந்த பெண் ஒருவர் ஓடும் காரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றம் செய்தவர்கள் யார் என்று கேட்பதற்கு முன்னே, "அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள்?" என்று கேட்டார்கள். 2015 டிசம்பரில் நீதிமன்றம் மூவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க அந்தப் பெண் உயிரோடு இல்லை.

ஆகவே 2025ஆம் ஆண்டுத் திருத்தம் கதவைத் திறந்தது மட்டும் போதாது. வேலைக்கு நியமனக் கடிதம் வேண்டும். மாதம் தவறாமல் சம்பளம் வேண்டும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அது காகிதத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. வேலை முடிந்த நள்ளிரவில் வீட்டு வாசல்வரை கொண்டுவிட வண்டி வேண்டும். ரயில்வேயில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை செய்யும் வேலைக்குத் தகுதியுள்ள ஊழியர்களுக்கு இரவுப் பணிப்படி உண்டு. இரவில் விழித்திருப்பது உடம்புக்குக் கேடு என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. சிக்னல் கொட்டகையில் விழித்திருப்பவருக்குப் பொருந்தும் நியாயம், மேடையில் நிற்பவளுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

இரவுப் பணி முடித்து ஹவுரா நிலையத்திலிருந்து தூக்கக் கண்களோடு வெளியே வரும் தொழிலாளி, அதே விடியலில் பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து வீடு திரும்பும் ஒரு பெண்ணைப் பஸ்ஸில் பார்க்க நேரலாம். அவள் முகத்தில் அழியாத சாயம் இருக்கலாம். அவளுக்குச் சற்று நகர்ந்து இடம் கொடுத்தால் போதும். அவளும் இரவெல்லாம் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தவள்தான்.