திறந்ததை மூடு!

1969-ல் ஐ.பி.எம். கம்பெனியில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்று மூன்று பேர், வக்கீல் ஆபீஸ் தஸ்தாவேஜுகளை ஒழுங்குபடுத்த ஒரு மொழி செய்தார்கள். பெயர் ஜி.எம்.எல். மூன்று பேரின் ஆங்கில முதலெழுத்துகளும் அதில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டன! அதன் வாரிசுகள் எஸ்.ஜி.எம்.எல். (1986), எக்ஸ்.எம்.எல். (1998).

ஐயோ, கம்ப்யூட்டர் சமாசாரமா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் உங்கள் சமையலறையில்தான் இருக்கிறது.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்த்தூள், பிஸ்கட் டின்னில் ஊசி நூல் இல்லாத வீடு உண்டா? டப்பாவைப் பார்த்து ஏமாறாதே, உள்ளே இருப்பது என்ன என்று எழுதி ஒட்டு. மார்க்கப் மொழியின் சாரம் அவ்வளவுதான். எப்படித் தெரிகிறது என்பது முக்கியமில்லை. அது என்ன என்பதுதான் முக்கியம்.

எக்ஸ்.எம்.எல்.லில் குறிகளைத் தமிழிலேயே எழுதலாம்:

<அப்பா><மாத்திரை வேளை="இரவு">சர்க்கரைக்கு</மாத்திரை></அப்பா>

ஒரு கண்டிப்பு உண்டு. திறந்ததை மூட வேண்டும். உள்ளே திறந்ததை முதலில் மூட வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் மேற்கொண்டு படிக்க மறுத்துவிடும். நம் அம்மாக்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் விதி இது. என்ன, அம்மா சொன்னால் கேட்கமாட்டோம்!

சிரிப்பு இருக்கட்டும். நண்பர் ஒருவரின் மனைவி நள்ளிரவில் மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"வெள்ளையா, சின்னதா ஒண்ணு சார். அப்புறம் ரோஸ் கலர்ல..."

"பேரு?"

"அவளுக்குத்தான் தெரியும்."

முப்பது வருஷத் தாம்பத்யம். நிறம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. நல்லவேளை, அந்தம்மா பிழைத்து வந்து தானே பதில் சொன்னார். கேஸ் புக் பண்ணிய தேதி, பால் கணக்கு, இன்ஷூரன்ஸ் கெடு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது - பல வீடுகளில் இத்தனையும் ஒரே ஒரு தலைக்குள் இருக்கிறது. அந்தத் தலைக்கு ஒரு ஜுரம் வந்தால் வீடே ஸ்தம்பித்துவிடும்.

எழுதிவைத்ததைக் கம்ப்யூட்டர் படித்து வேலையும் செய்யும். 2013-ல் ஆரம்பித்த 'ஹோம் அசிஸ்டென்ட்' என்ற இலவச மென்பொருளில், 'காலை ஆறரைக்கு மோட்டாரைப் போடு, தொட்டி நிரம்பினால் அணை' என்று எழுதலாம். அதற்கான ஸ்விட்ச், சென்ஸார் மட்டும் வேண்டும். எழுதும் மொழி 'யாமெல்'. முதலில் 'இன்னுமொரு மார்க்கப் மொழி' என்று பெயருக்கு விளக்கம் சொன்னார்கள். பிறகு 'இது மார்க்கப் மொழியே அல்ல' என்று மாற்றிக்கொண்டார்கள். கூட்டணி மாறின கட்சி மாதிரி!

யாமெல் சற்றே வினோதமான ஆசாமி. அதன் 1.1 விதிப்படி, மேற்கோள் குறி போடாமல் 6:30 என்று எழுதினால், மணியை அறுபதால் பெருக்கி 390 என்று படிக்கும். நார்வே நாட்டின் குறியீடு ஆங்கிலத்தில் 'என்.ஓ.' அதை 'நோ' என்று எடுத்துக்கொண்டு, ஒரு தேசத்தையே 'பொய்' என்று சொல்லிவிடும்! மேற்கோள் குறி போட்டால் சமர்த்து. மெஷினுக்கு ஊகிக்க இடம் கொடுக்கக் கூடாது. கணவர்களுக்கும்தான்.

மோட்டார், ஸ்விட்ச் எல்லாம் மெதுவாக வரட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஆளுக்கு ஒரு பக்கம்: மாத்திரையின் பெயர், வேளை, ஒத்துக்கொள்ளாத மருந்து, டாக்டர், போன் நம்பர். எழுதியதை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குப் புரிந்தால்தான் கணக்கு. இல்லாவிட்டால் ரகசியம் ஒரு தலையிலிருந்து ஒரு நோட்டுக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

எக்ஸ்.எம்.எல்.லில் எழுதுகிறவர்கள் முடித்ததும் மறக்காமல் மூடும் குறி போடுங்கள். அப்படியே எழுந்து போய் ஃப்ரிட்ஜ் கதவையும்.