ரூபாய்க்குப் பத்துப் பைசா

சொத்து வரி ரசீதை மடித்து பீரோவில் வைக்குமுன் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ‘நூலக வரி’ என்று ஓர் இனம் இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வாடகைக்குக் குடியிருப்பவர்களும் எப்படியோ வீட்டுக்காரர் வழியாக இதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த வரிக்கு வழிசெய்த, சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருடங்கள் விடாமல் மன்றாடி வாங்கியது அது. நூலகம் ஆட்சியாளர் போடும் பிச்சை அல்ல, வரி கட்டுகிறவனின் பாத்தியதை. இது நமக்கு மறந்துபோனதால்தான், 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை அடுத்த ஆண்டே குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாகப் புதிய அரசு அறிவித்தபோது, பலர் அதை இரண்டு கட்சிகளின் சண்டையாக மட்டும் பார்த்தார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டதோ, பிழைத்ததோ.

என் கவலை தெருமுனைக் கிளை நூலகம். காலையில் ஒரே தினசரியை நாலு பெரியவர்கள் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அடுத்த மேசையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண்கள். அன்று ஓர் அம்மாள் மடித்த காகிதத்தோடு வந்தார். “தம்பி, பட்டா ஆபீஸ்ல குடுத்தாங்க. என்ன போட்டிருக்குன்னு பாரு.” நூலகர் படித்துக் காட்டி, எங்கே போக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். இந்த வேலைக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது.

எந்த அலுவலகத்தில் கேட்டாலும் “எல்லாம் ஆன்லைன்ல இருக்கு” என்கிறார்கள். திறந்தால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக நிற்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவோ, அலுவலகத்தில் பொதுமக்களுக்கு நூலகமோ படிப்பகமோ இருந்தால் அது திறந்திருக்கும் நேரத்தையும் வெளியிடச் சொல்கிறது. குடிமகன் உட்கார்ந்து படிக்க பெஞ்சு வேண்டும் என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது! ஆனால் 2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதே தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவைத் திருத்தி, ‘தனிநபர் விவரம்’ என்று சொல்லி அலுவலகங்கள் கையை விரிப்பதைச் சுலபமாக்கியிருக்கிறது.

வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பாமல் நிலுவை வைப்பது பழைய கதை. எங்கள் ஊரில் எவ்வளவு வசூல், எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனுப் போட்டிருக்கிறேன். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் ஒரு நகலைப் படிப்பக மேசையில் வைக்கலாமா என்று நூலகரிடம் கேட்டேன்.

“வைங்க சார். யாராவது கேட்டா நான் பார்க்கலைன்னு சொல்லிடுவேன்” என்றார்.