கண்டியில் எதற்குப் பெட்டியை நனைக்கிறீர்கள்?

புதுச் சுருட்டுப் பெட்டி வாங்கினால் முதலில் அதைப் பதப்படுத்த வேண்டுமாம். காய்ச்சி வடித்த நீரில் துணியை நனைத்து உள்பலகையைத் துடை. உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர் வை. மூடி, இரண்டு கிழமைக்குத் தொடாதே. ஈரப்பதன்மானி 70 வீதம் காட்டினால் சுருட்டை அடுக்கு. ஹியுமிடோர் என்று ஸ்டைலாகச் சொல்லப்படும் பெட்டிக்கு உலகம் முழுக்க ஓதப்படும் வேதம் இதுதான். எங்கள் வயதுக்காரர் சிலரும் இதை வரி மாறாமல் ஒப்புவிக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. கண்டியில் எதற்கு ஐயா தண்ணீர்?

புகைப்பது நல்லதா கெட்டதா என்ற வழக்கை நாங்கள் இங்கே எடுக்கவில்லை. (கெட்டது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவும் கூடாது. அந்தக் கதை முடிந்தது.) எங்கள் சண்டை அந்தக் கிண்ணத்துத் தண்ணீரோடு.

சுருட்டு கேட்பது சுமார் 65 முதல் 72 வீத ஈரப்பதன். அதற்குக் கீழே போனால் இலை காய்ந்து நொறுங்கும், மேலே போனால் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்நாட்டு வீட்டில் பனிக்காலத்தில் ஹீட்டர் போடுகிறார்கள், காற்று காய்ந்து சருகாகிவிடுகிறது. அங்கே காய்ந்த பலகைப் பெட்டிக்குள் சுருட்டை வைத்தால், பலகை சுருட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆகவே முதலில் பலகைக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். அந்த ஊருக்கு அது நியாயம். கொழும்பில் இரவு பகலாக ஏசி ஓடும் அறைக்கும் நியாயம் என்று வைத்துக்கொள்வோம்.

கண்டியின் ஈரப்பதனோ பொதுவாகவே 70க்கும் 79க்கும் இடையில். மே முதல் ஜூலை வரை ஒரு மழை, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. செருப்பில் பூஞ்சணம், கமரா லென்ஸில் பூஞ்சணம், கல்யாண அல்பத்தில் பூஞ்சணம். இந்த ஊரில் புதுப் பெட்டியை ஜூன் மாதத்தில் இரண்டு கிழமை திறந்து வைத்தால் போதும். மிச்சத்தைக் கண்டி பார்த்துக்கொள்ளும். மேலதிகமாகத் தண்ணீர் வைப்பவர் பூஞ்சணத்துக்கும் புகையிலை வண்டுக்கும் விருந்து வைக்கிறார். சூடும் ஈரமும் சேர்ந்தால்தான் அந்த வண்டின் முட்டை பொரிக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் செரூட் என்கிறார்களே, அந்தச் சொல்லே நம்முடைய சுருட்டிலிருந்து போனது. யாழ்ப்பாணத்தில் புகையிலையைத் தென்னம்மட்டைப் புகையில் பதப்படுத்திச் சுருட்டினார்கள். தெற்கிலும் மலைநாட்டிலும் யாழ்ப்பாணத்தவர் நடத்திய சுருட்டுக் கடைகள் இருந்தன. 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டவர்களில் அந்தச் சிறு வியாபாரிகளும் உண்டு. வறண்ட ஊரில் செய்ததை ஈர ஊரில் வைத்து விற்றவர்கள் அவர்கள். அவர்களுடைய கைப்பழக்கத்தைக் கேட்டு எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. குளிர்நாட்டுக் கையேடு மட்டும் மனப்பாடம்.

ஆனால் எங்களுக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் வேறு. இந்த மலைகளில் ஈரத்தை அடக்கும் வித்தை தெரியாமல் இருந்ததே இல்லை. நன்றாகத் தெரியும். பண்டத்துக்காகத் தெரியும்.

ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது, 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலை. ஒருநாள் ஏறிப் பாருங்கள். கொழுந்தை வாட்டி, அரைத்து, சூட்டில் காயவைத்து, சுமார் 3 வீத ஈரத்துக்குக் கொண்டுவருவதற்கே அத்தனை மாடி, அத்தனை இயந்திரம். காய்ந்த தூள் காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்பதால் ஈயத்தகடு, பிறகு அலுமினியத் தாள் உட்புறம் ஒட்டிய மரப்பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். லண்டன் போய்ச் சேரும்வரை தேயிலையில் ஈரம் படக்கூடாது. அந்தத் தேயிலையைக் கிள்ளியவருக்கு? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா. முதுகோடு முதுகு ஒட்டிய லயத்தில் பின்பக்கம் ஜன்னல் வைக்கவே வழியில்லை. காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகாத அறையில்தான் அடுப்பும் ஈரத்துணியும் ஆட்களும்.

அந்த அறையிலும் ஒரு பெட்டி உண்டு. தகரப் பெட்டி. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பாஸ்போர்ட், பிரஜாவுரிமைத் துண்டு, சேமலாப நிதிக் கடிதம். சும்மா ஞாபகப் பொருள்கள் என்று நினைக்காதீர்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களிடம் கேட்டது கடதாசி: அப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, காட்டு. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று அந்தரத்தில் விட்டது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை காத்திருப்பு. இத்தனை வருடமும் ஒரு குடும்பம் எந்த நாட்டுக்கு உரியது என்பதற்கான சாட்சி, பூஞ்சணம் பிடிக்கும் தகரப் பெட்டியில் கிடந்தது. இன்றைக்கும் ஒரு பேரப்பிள்ளைக்கு ஏதாவது பதியப் போனால் அதே பெட்டியைத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஹியுமிடோர் வித்தை தெரிந்த நண்பர்களே, அந்த அறிவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். வேண்டியதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

28 பாகையில் 70 வீதம் ஈரம் கொண்ட காற்று 22 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 100 வீதம் ஆகிவிடும். பகலில் மூடிய தகரப் பெட்டி இரவில் உள்ளுக்குள் வியர்ப்பது இதனால்தான். தகரம் ஈரத்தைக் குடிக்காது. மரம் குடிக்கும், பிறகு மெல்ல விடும். ஹியுமிடோருக்குள் போடும் ஸ்பானிஷ் சீடர் எனப்படும் பலகையின் வேலையே அதுதான். (பெயர்தான் சீடர், உண்மையில் மகோகனி குடும்பம். நம் வேம்பும் அதே குடும்பம்.) தகரப் பெட்டிக்குள் நன்றாகக் காய்ந்த மெல்லிய பலகையோ, வெயிலில் உலர்த்திய தடித்த பருத்தித் துணியோ சுற்றிவர வையுங்கள். இரவு ஏற்றத்தை அது தாங்கிக்கொள்ளும். கடதாசிக்கு 70 வேண்டாம், 50ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 65ஐத் தாண்டவிடாதீர்கள்.

எப்போது மூடுகிறீர்கள் என்பது முக்கியம். பெட்டிக்குள் நீங்கள் பூட்டுவது அந்த நேரத்துக் காற்றை. பெப்ரவரி, மார்ச்சில் மழையில்லாத மத்தியானத்தில் கடதாசிகளை நிழலில் பரப்பி, உலர்ந்ததும் அடுக்கி அப்போதே மூடுங்கள். மழை இரவில் திறக்காதீர்கள். பெட்டியைத் தரையிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் வைக்காமல், இரண்டு செங்கல்லின் மேல் உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். சிலிக்கா ஜெல் கிடைத்தால் போடுங்கள், ஆனால் அது ஒரு அளவுக்குத்தான் குடிக்கும். பிறகு சூடாக்கி உலர்த்தாவிட்டால் வெறும் மணல். ஈரமான கடதாசியைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டுவது, லெமினேட் செய்வது இரண்டும் வேண்டாம். உள்ளே போன ஈரம் உள்ளேயே இருந்து தின்னும்.

ஈரப்பதன்மானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் சுருட்டுக்காரரின் வழியே போதும். போத்தல் மூடியில் ஒரு தேக்கரண்டி கறியுப்பு, சேறு போல ஆகும் அளவுக்குச் சில துளி தண்ணீர். உப்புக் கரைந்து ஓடக்கூடாது. அதையும் மானியையும் ஒரு டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி ஒரு நாள் வையுங்கள். உள்ளே 75 வீதம் இருக்கும். மானி 80 காட்டினால், எப்போதும் 5ஐக் கழித்து வாசியுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒழுகும் கூரைக்குக் கீழே பெட்டியைக் காப்பாற்ற முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். தோட்டங்களில் புது வீடு கட்டித் தருகிறோம் என்று வரைபடம் விரிக்கும்போது எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எதிரெதிரே ஜன்னல் உண்டா, அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படை போடுகிறீர்களா, சமையல் புகையும் ஆவியும் எந்த வழியால் போகும் என்று கேளுங்கள். தேயிலைக்குத் தொழிற்சாலை கட்டியவர்களிடம் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது.