ஊசியைத் தேடும் ஊர்

பனியன் துணியில் நெடுகக் கோடு விழுந்ததென்று நிட்டிங் மெஷினையே விற்றுவிட்டு வேறொன்றுக்கு முன்பணம் கொடுப்பவர் திருப்பூரில் ஒருவரும் இல்லை. 30 அங்குல விட்டமும் 24 கேஜும் கொண்ட ஒரு மெஷினில் 2,200-க்கும் மேற்பட்ட ஊசிகள் இருக்க, அவற்றுள் நுனி முறிந்த அந்த ஒன்றை, துணியின் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டெடுத்து மாற்றுபவரைத்தான் இவ்வூர் நல்ல ஃபிட்டர் என்று மதிக்கிறது. இத்தகைய விவேகம் படைத்த ஊர், கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அதைக் கைவிடுவானேன்?

காதர்பேட்டையை அடுத்து, பனியனில் அச்சிடும் படங்களை வரைந்து கொடுக்கும் ஒரு சிறிய அறைக்குச் சமீபத்தில் போயிருந்தேன். லினக்ஸில் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளைக் கொண்டு வேலை செய்யும் அங்குள்ள இளைஞர், படத்தைச் சற்றே பெரிதாக்கினாலும் திரை திக்கித் திணறுவதைக் காட்டி, "கிராஃபிக்ஸ் கார்டு போயிருச்சுங்கய்யா, புதுசு வாங்கோணும், இல்லாட்டி விண்டோஸுக்கே போயிரலாமுங்க" என்றார்.

தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டுமல்லவா? டெர்மினலில் 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' என்ற கட்டளையைக் கொடுத்தோம். படம் வரைவது யார் என்று சொல்லும் வரியில் கார்டின் பெயருக்குப் பதிலாக 'எல்எல்விஎம்பைப்' என்றிருந்தது. கார்டு சும்மா கிடக்க, பிராசஸரே அத்தனை புள்ளிகளையும் வரைந்துகொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். பவர் டேபிளை நிறுத்திவிட்டுக் கைத்தையலில் ஆர்டரை முடிக்கப் பார்ப்பதற்கு ஒப்பான காரியம். கெர்னல் புதுப்பிக்கப்பட்டபின், கையொப்பமில்லாத டிரைவரை 'செக்யூர் பூட்' காவல் உள்ளே விட மறுத்த செய்தி, சிஸ்டத்தின் பதிவுகளில் எழுதியே இருந்தது, அதைப் படிப்பாரில்லை. கையொப்பத்துக்குரிய சாவியைப் பதிந்ததும் கார்டு வேலைக்கு வந்தது.

எனினும் ஒரு மணி நேரத்தில் பழைய மந்தம் திரும்பியது. கேபினெட்டைத் திறந்தால், கார்டின் விசிறிக்குப் பின்னே தகடுகளின் இடுக்குகளில் பஞ்சு கம்பளிபோல் படிந்திருந்தது. சூடு ஏறவே, கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பிரஷும் ப்ளோயருமே அதற்கு மருந்தாயின.

குற்றம் முழுவதும் நம்முடையதே என்று சொல்வதும் நியாயமன்று, கார்டு தயாரிப்பவர்களுக்கும் அதில் பங்குண்டு. 2014-இல் வெளிவந்த என்விடியாவின் இரண்டாம் தலைமுறை மாக்ஸ்வெல் கார்டுகள் முதலாக, அந்நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இன்றி வேகத்தை உயர்த்த இயலாதபடியால், தன்னார்வலர்கள் பெரும் பிரயாசையுடன் எழுதிய 'நூவோ' டிரைவரின் கீழ் அவை வெகுகாலம் ஊர்ந்தே கிடந்தன. அதற்கு முன்பே, 2012-இல், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் அந்நிறுவனத்தைப் பகிரங்கமாகக் கடிந்துகொண்டார். 2022 மே மாதம் அது தன் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்ததும், 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7 டூரிங் தலைமுறை முதலான கார்டுகள் நூவோவின் கீழ் வேகமெடுக்க வழிவிட்டதும் பிற்பாடு நேர்ந்த நன்மைகள். ஆகவே கார்டு வாங்குமுன், விலையோடு டிரைவரின் தன்மையையும் விசாரிப்பதே உசிதம்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு கூடவே வந்தது. சிஸ்டத்தைக் கொடுத்தோம், அதைச் செப்பனிடும் ஃபிட்டரைத் தயார் செய்தோமா? திறந்த மென்பொருளின் மேன்மை அது இலவசம் என்பதில் இல்லை. கேட்டால் தன் நோயை ஒளிக்காமல் சொல்லும் என்பதில் இருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்களை நம் ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் உருவாக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

ஆயுத பூஜையன்று மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பொட்டு வைக்கிறோம். கம்ப்யூட்டருக்கும் அன்று சந்தனமும் குங்குமமும் தவறாமல் கிடைக்கின்றன. பொட்டு வைக்குமுன் மூடியைக் கழற்றி அந்தப் பஞ்சையும் எடுத்துவிடலாம்.